முதல் சுற்று நம்முடையது

செப்டம்பர் 9, திங்கள்

இந்த டைரி ஓசியில் வந்தது. புது சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், வருடத்தில் முக்கால்வாசி போன பிறகு. ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது டாக்டரம்மா, "மனசுல இருக்கறத எழுதிப் பாருங்க, கொஞ்சம் கொறையும்" என்றார். மாத்திரையை விட மலிவு என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் சித்திரகிரி குழுமத்துக்கு பம்புசெட் ஆலை, நூல் மில்கள், ஊர் ஊராக ஷோரூம்கள் என்று எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் கம்ப்யூட்டர்களுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையையும் கோயமுத்தூர் ஆபீசில் உட்கார்ந்தபடியே மேய்ப்பதற்கு ஒரு சாஃப்ட்வேர் உண்டு. எந்த மெஷினில் என்ன ஏற்றுவது, எதைப் பூட்டுவது, எதைத் திறப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். பழையது கிழடுதட்டிப்போயிற்று. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இருபது வருட சர்வீசில் இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று, எனக்கொன்றும் பயமில்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். எதை ஏற்றினாலும் முதல் சுற்று நம்முடையது. நம் லேப்டாப், நம் ஆபீஸ் போன். சமைத்தவள் முதலில் உப்புப் பார்க்கிற மாதிரி. நம்முடையது படுத்துக்கொண்டால் ஊருக்குத் தெரியாமல் எழுப்பிக்கொள்ளலாம். இன்றைய மீட்டிங்கிலும் எங்கள் பிரிவுத் தலைவர் மகுடேஸ்வரன் சார் அதைத்தான் சொன்னார். "மொத ரவுண்டு நம்முளுதுதானுங்க. அப்பறம்தான் மத்தவிங்க." சத்தம் போட்டுப் பேசாத மனிதர். மீட்டிங் முடிந்ததும் எல்லோருக்கும் அவரே காபி எடுத்துக் கொடுத்தார்.

தண்ணீர் வருகிற நாள் இன்று. குடத்தை நிரப்பாமல் என் வீட்டுக்காரர் கனகு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினேன்.

செப்டம்பர் 11, புதன்

முதல் சுற்று முடிந்தது. என் லேப்டாப் இரண்டு தரம் அணைந்து எழுந்தது, அவ்வளவுதான்.

மதியம் பெங்களூரிலிருந்து வந்த கம்பெனிக்காரர் புதியதில் என்னென்ன செய்யலாம் என்று பெரிய திரையில் காட்டினார். முதலில் தொலைந்த போனைப் பூட்டுவது. மகுடேஸ்வரன் சாரின் ஆபீஸ் போனையே வாங்கி மேசை நடுவில் வைத்து, இங்கே ஒரு பட்டனைத் தட்டினார். போன் பூட்டிக்கொண்டு, 'இந்தப் போன் காணாமல் போனது, கண்டெடுத்தவர் அலுவலகத்தை அழைக்கவும்' என்று எழுத்து வந்தது. வேண்டிய வாசகத்தை நாமே அடித்துக்கொள்ளலாமாம். யார் தட்டினாலும் அவர் பெயர் பதிவாகிவிடும், விளையாட முடியாது என்றார். கைதட்டினோம்.

அடுத்தது வரைபடம். ஒவ்வொரு மெஷினும் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பச்சைப் புள்ளி. எங்கள் புள்ளிகளெல்லாம் ஆபீஸ் கட்டடத்தின் மேல் கும்பலாக நின்றன. ஒன்று மட்டும் எதிர்க்கடை பஜ்ஜிக்காரன் மேல் நின்றது. எல்லோரும் சிரித்தோம்.

மகுடேஸ்வரன் சார் சிரிக்கவில்லை. "வெளியூருல இருந்தாலும் காட்டுங்களா?" என்று கேட்டார்.

"எந்த ஊரா இருந்தாலும் காட்டும் சார். தெறந்து வேலை பாத்தா தெருவே தெரியும். முன்னாடி போன எடமும் அழியாது."

"அப்ப நெம்ப நல்லதுங்க" என்றார் சார்.

அப்போதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது. ஏன் என்பதை எங்காவது சொல்லியாக வேண்டும். சுகந்தி அவருடைய மனைவி. எங்கள் சம்பளப் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்சில் ஆறு வருடம் என் பக்கத்து சீட். ஒருநாள் அவள் முழங்கை மடிப்பில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது. தவறுதலாகப் பட்டுவிட்டது என்றாள். மறு மாதம் அடுத்த கையிலும் இருந்தது. "அவரு கத்தவே மாட்டாருக்கா. மெதுவாத்தான் சொல்லுவாரு, கையக் குடுன்னு" என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

ஜூன் மாதம் அவள் வீட்டை விட்டு வந்துவிட்டாள். மனிதவளப் பிரிவுத் தலைவர் பத்மாவதி மேடம் ரகசியமாக ஏற்பாடு செய்து, வேறொரு ஊரிலிருந்து வேலை பார்க்கும்படி லேப்டாப் கொடுத்தார். அந்த ஊர் எதுவென்று மேடத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவளுடைய அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆபீசில் சார், சுகந்திக்கு உடம்பு சரியில்லை, அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறார். எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டுகிறார்கள்.

பழைய சாஃப்ட்வேரில் அவள் லேப்டாப் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சம்பளப் பிரிவின் முறை வந்து புதியது ஏறினால் தெருவே தெரியும்.

ஊர்ப் பெயரை இந்த டைரியில் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

சிலிண்டர் தீர்ந்து, பாதி வெந்த சாம்பாருடன் நின்றேன். புக் பண்ண மறந்துவிட்டேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பத்மாவதி மேடத்திடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் எடத்தக் காட்டாம நிறுத்த முடியாதாம்மா?"

"முடியும் மேடம். ஆனா விதிவிலக்குன்னு போட்டா அவரோட ஒப்புதலுக்குத்தான் போகும். நானே போய் இங்க பாருங்கன்னு காட்டிக்குடுத்த மாதிரி."

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வெவகாரமெல்லாம் புரியாது தாட்சாயணி. போலீசுக்குப் போலாம்னா சுகந்தி வேண்டாங்கறா. நீயே ஏதாவது பாத்துப் பண்ணு."

நானே பார்த்துப் பண்ணுவதாம். எனக்கு வாய்த்த மேடங்கள் எல்லாம் இப்படித்தான்.

மகுடேஸ்வரன் சாரிடம் போய், இடம் காட்டுகிற வசதியை எல்லோருக்குமே நிறுத்திவிடலாமா, பேட்டரியை இழுக்கிறது, ஜனங்கள் முணுமுணுப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்காகத்தானுங்க இந்த சாஃப்ட்வேரே வாங்கச் சொன்னேன். காணாமப் போனதையெல்லாம் கண்டுபுடிக்கோணுமல்லங்க?"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்து, பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அந்த ஊருக்குப் போய் வந்தேன். உக்கடத்தில் பஸ் ஏறினேன். கனகு வாசலில் நின்றுகொண்டு, "ஞாயித்துக்கெழம கூட உன்ற ரெண்டாவது புருசனக் கூட்டிட்டுத்தான் போறியா?" என்றார். லேப்டாப் பையைச் சொல்கிறார். இந்த வேலை ஓடுகிற வரையில் எந்நேரமும் கூப்பிடுவார்கள். பை இல்லாமல் நான் கோவிலுக்குக்கூடப் போனதில்லை.

சுகந்தி ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். கீழே வீட்டுக்கார அம்மா தையல் வேலை செய்கிறார். எனக்காக அரிசிம்பருப்பு சாதம் செய்து வைத்திருந்தாள். இளைத்துவிட்டாள், ஆனால் கையில்லாத நைட்டி போட்டிருந்தாள். தழும்புகளை மூடாமல் நான் அவளைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

விஷயத்தைச் சொன்னேன். சோற்றுக் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எப்பக்கா தெரியும் அவருக்கு?"

"தெரியாது. தெரியறதுக்கு முன்னாடி உன்ற லேப்டாப்ப நான் எடுத்துட்டுப் போயிடறேன். ரிப்பேர்னு சொல்லி பீரோவுல போட்டுப் பூட்டிருவேன். மெஷினே இங்க இல்லீன்னா புள்ளி எங்கிருந்து வரும்?"

"வேலை?"

"மேடம் லீவு போட்டுத் தர்றேன்னாங்க."

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு, "அவரு வந்தா நான் செத்துருவேங்க்கா" என்றாள். அழாமல் சொன்னாள். விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதற்குள் ஒரு நூல் மில்லிலிருந்து போன், புதியது ஏறின கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்று. அவள் கட்டில்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, என் லேப்டாப்பைத் திறந்து, அதை எழுப்பிவிட்டேன். வேலை முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. சுகந்தி டீ போட்டுத் தந்தாள்.

திரும்பும்போது இரண்டு தோளிலும் இரண்டு லேப்டாப். தோள்பட்டை கழன்றது போல வலிக்கிறது. ஆனால் மனசு லேசாக இருக்கிறது. இனி அந்த ஊரில் எங்கள் கம்பெனிப் பொருள் எதுவும் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

சுகந்தியின் லேப்டாப்பை பேட்டரி கழற்றி, ரிப்பேர் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். நன்றாகத் தூங்கினேன். ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா சொன்னது சரிதான் போல.

செப்டம்பர் 30, திங்கள்

ஷோரூம்களின் சுற்று முடிந்தது. ஈரோடு ஷோரூம் மேனேஜர், தன் கம்ப்யூட்டரில் இருந்த சீட்டுக்கட்டு ஆட்டத்தைக் காணோம் என்று மூன்று தரம் கூப்பிட்டார்.

சாயங்காலம் மகுடேஸ்வரன் சார் என் மேசையருகே நின்றார்.

"சோர்வாத் தெரியறீங்க. போன ஞாயித்துக்கெழமைக்கு முந்துன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"இல்லீங்க சார், ஊட்லதான் இருந்தேன்."

"அப்புடிங்களா."

என் முகத்தையே பார்த்தார். எனக்குப் பொய் வராது. பொய் சொன்னால் மூக்கு நுனி சிவந்துவிடும் என்று கல்யாணமான புதிதிலேயே கனகு கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் வாங்கின எந்தப் புடவைக்கும் விலை குறைத்துச் சொல்ல முடிந்ததில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டேன்.

கனகுதான் கடைவீதியில் எங்காவது அவரிடம் உளறியிருப்பார். கேட்டதற்கு, "நான் அந்தாளப் போன ஆயுத பூசையில பாத்ததோட சரி" என்றார். அப்படியானால் சார் சும்மா பேச்சுக்குக் கேட்டிருப்பார். வேலை அதிகமானால் முகத்தில் தெரியத்தானே செய்யும்.

அக்டோபர் 3, வியாழன்

சம்பளப் பிரிவின் சுற்று இன்று. காலையிலிருந்து சார் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"சுகந்தியோடது மட்டும் ஏறலையாட்ட இருக்குதுங்க."

அவள் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. "ரிப்பேருக்கு வந்துருக்குதுங்க சார், பீரோவுல இருக்குது" என்றேன். இது உண்மை. மூக்கு சும்மா இருந்தது.

"யாரு கொண்டாந்தாங்க?"

"மேடம் குடுத்தனுப்புனாங்க."

இது பொய். கைக்குட்டை என் மேசையிலேயே இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். "மொத ரவுண்டுல நம்ம மெஷினெல்லாம் நல்லா ஓடுதல்லங்க?" என்று மட்டும் கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

சுகந்திக்குப் போன் செய்தால் குரலே சரியில்லை. வேலையும் இல்லாமல், வெளியேயும் போகாமல் நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லேப்டாப்பைப் பிடுங்கிவந்தது நான்தானே. மனசு கேட்கவில்லை, போய்விட்டு வந்தேன். முறுக்கும், இரண்டு வாரப் பத்திரிகையும், ஒரு பச்சைக் கலர் சுடிதாரும் கொண்டு போனேன்.

கீழ் வீட்டு அம்மா அவளுக்குப் பித்தான் தைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். "பூசைக்கு அப்பறம் நானும் ஒரு மெஷினு வாங்கப் போறேங்க்கா. இதுல யாரும் எதையும் ஏத்த முடியாதல்ல" என்றாள். இந்த மாதங்களில் அவள் சொன்ன முதல் வேடிக்கை. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இன்றைக்கும் கூப்பிட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து திருச்சி ஷோரூமைச் சரி செய்தேன். மழை வந்ததால் கிளம்பத் தாமதம்.

அக்டோபர் 10, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாளைக்கு லீவு என்பதால் ஆபீஸ் பூஜை இன்று மதியம். மேசையெல்லாம் துடைத்து, மாவிலை கட்டி, சர்வர் அறை வாசலில் வாழைக்கன்று வைத்து, எல்லோரும் அவரவர் லேப்டாப்பை வரிசையாக அடுக்கினோம். பொட்டு வைப்பது பிரிவுத் தலைவரின் வேலை. மகுடேஸ்வரன் சார் வேட்டி கட்டி வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக வைத்துக்கொண்டே வந்தார். என்னுடையதன் முன் நின்றார். மற்றதையெல்லாம் விடப் பெரிய பொட்டாக, நிதானமாக வைத்தார். அதன்மேல் குங்குமம்.

"இந்த வருசம் நம்ம ஆபீஸ்லயே நெம்ப ஊரு சுத்துனது இதுதானுங்க" என்றார். "ஒரே தெருவுக்கு ரெண்டு வாட்டி."

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. பொரிப் பொட்டலத்தைக் கையில் வாங்கினது நினைவிருக்கிறது.

முதல் சுற்று நம்முடையது. ஒரு மாதமாக ஊரில் இருக்கிற ஒன்பதாயிரம் மெஷினையும் யோசித்தேன், சுகந்தியுடையதைப் பீரோவில் போட்டுப் பூட்டினேன், என் தோளில் தொங்கினதை யோசிக்கவில்லை. எருமை மாட்டுக்குக்கூட இவ்வளவு புத்தி இருக்கும்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்து, என் பெயரைத் தேடி வரைபடத்தைத் திறந்தேன். பொட்டு காயாமல் விரலில் ஒட்டியது. உக்கடம், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பச்சைப் புள்ளிகள் கோடாகப் போய், உடுமலையில் ஒரு சின்னத் தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரிதாக்கினால் தையல் கடைப் போர்டின் பெயர்கூட வந்தது. இனி ஊர்ப் பெயரை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவரை அந்த வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டவள் நான்தான்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் அறை காலியாக இருந்தது. "சார் பொரி குடுத்த கையோட கெளம்பிட்டாருங்க. மூணு நாள் லீவு, ஏதோ ஊருக்குப் போறாராம்" என்றார்கள்.

அவருடைய ஆபீஸ் போனும் முதல் சுற்றுதானே. தேடினேன். அவருடைய புள்ளி கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி சாலையில் நகர்ந்துகொண்டிருந்தது.

சுகந்தியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள். பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"சுகந்தி, அவரு வந்துட்டு இருக்காரு. இப்பவே கெளம்பு. பை கிய்யி எதையும் எடுக்காத. அந்த அம்மாவையும் கூட்டிட்டு மகளிர் ஸ்டேஷனுக்குப் போயிரு."

"அக்கா, வெளையாடறீங்களா?"

"என்னாலதான். நான் கொண்டுவந்த பைய வெச்சுத்தான் கண்டுபுடிச்சுட்டாரு. போ கண்ணு, போயிரு."

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு போன் அறுந்தது.

பத்மாவதி மேடத்தின் அறைக்கு ஓடினேன். சொன்னேன். இந்தத் தடவை அவர் எதையும் புரியவில்லை என்று சொல்லவில்லை. போலீசுக்குப் போன் போட எழுந்தார். நான் என் சீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அந்தத் தெரு அவருக்குப் பழக்கமில்லை. போனைப் பார்த்துத்தான் போகிறார். என்னிடம் பட்டன் இருந்தது. தட்டினால் என் பெயர் பதிவாகும், நான் செய்ததாக நாளைக்கு ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டு முகவரி அவருக்குத் தெரியும். கனகு தினமும் சாயங்காலம் தனியாகத் தன் கடையைப் பூட்டிவிட்டு நடந்து வருவது தெரியும். இதெல்லாம் தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் மூக்கு சிவக்கும்.

தட்டினேன். வாசகம் கேட்டது. 'காணாமல் போனது' என்று தயாராக இருந்ததை அழித்துவிட்டு அடித்தேன்.

சார், நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் பாத்துட்டு இருக்கேன். திரும்பி வாங்க. தாட்சாயணி.

புள்ளி பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றது. நின்றபடியே இருந்தது. அசையுமா அசையுமா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பொரி மேசையெல்லாம் சிந்திக் கிடந்தது. பிறகு மறுபடி நகர்ந்தது. உடுமலைப் பக்கமாகத்தான் போயிற்று.

அக்டோபர் 11, வெள்ளி

சுகந்தி பத்திரம். மேடம் போனில் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, வாந்திதான் வந்தது.

அக்டோபர் 14, திங்கள்

பொள்ளாச்சியிலிருந்து வழி விசாரித்து விசாரித்துப் போயிருக்கிறார். அந்தத் தெருவைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகிவிட்டது. வீடு பூட்டியிருந்ததாம். வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம், அமைதியாக. மகளிர் ஸ்டேஷனிலிருந்து வந்தபோது எழுந்து வணக்கம் சொன்னாராம். காரின் பின் சீட்டில் புதுப் புடவை ஒன்றும், இஸ்திரிப்பெட்டி ஒன்றும் இருந்தன. இஸ்திரிப்பெட்டி எதற்கு என்று கேட்டதற்கு, புடவை கசங்கிவிட்டது என்றாராம்.

இந்தத் தடவை சுகந்தி புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவரை விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். கேஸ் நடக்குமாம்.

ஆபீசில் காலையில் எனக்கு விசாரணை. பெரிய அறை, நிர்வாக இயக்குநர், வக்கீல், பத்மாவதி மேடம்.

"உங்க மேலதிகாரியோட போனை எந்த அதிகாரத்துல பூட்டுனீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"அதிகாரம் இல்லீங்க. பயத்துல பூட்டுனேன்."

"இதுக்கு வேலை போகலாம், தெரியுமா?"

"தெரியுங்க."

பத்மாவதி மேடம் தொண்டையைச் செருமினார். "அப்ப என் வேலையும் சேர்ந்துதான் போகும் சார். ஏற்பாடு பண்ணது நான்" என்றார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

மதியம் முடிவு சொன்னார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவர் தற்காலிகப் பணிநீக்கம். அவருடைய அனுமதிகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும், அதையும் நானே செய்ய வேண்டுமாம். மகுடேஸ்வரன் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். பிறகு அமைப்புகளுக்குள் போய், இடம் காட்டும் வசதியை ஒன்பதாயிரம் மெஷினுக்கும் சேர்த்து அணைத்தேன். ஒரே ஒரு டிக் அடையாளம்தான். ஒரு மாதமாக என்னை அலைக்கழித்தது அந்தச் சின்னக் கட்டம்தான்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். சுகந்தியை வேறொரு இடத்தில் வைத்திருக்கிறார்களாம். "ஊரு எதுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாங்க மேடம். எனக்குச் சொல்லாதீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் என்று நினைத்திருப்பார். சுகந்தியின் பழைய நம்பரையும் என் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

தண்ணீர் வருகிற நாள். கனகு கறிக்கடைக்குப் போயிருந்தார். வாசல் குழாயில் குடம் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கேட்டுக்கு வெளியே மகுடேஸ்வரன் சார் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கசங்காத வேட்டி.

"நல்லாருக்கீங்களா?" என்றார்.

கேட்டின் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். போட்டிருந்தது. ஆனால் அது இடுப்பு உயரக் கேட்டுதான்.

"உங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க உங்க வேலையச் செஞ்சீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

"தெரியாதுங்க சார்."

அவர் கேட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் குனிந்து, என் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை. மூக்கைப் பார்த்தார். நான் பொய் சொன்ன அன்றைக்கே கண்டுபிடித்துவைத்திருக்கிறார். கைக்குட்டை என்னிடம் இல்லை, தேடவும் இல்லை.

"நெசமாத்தானுங்களா?"

"தெரியாதுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்."

குடம் நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது. நான் அசையவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்தார். கேட்டில் பட்ட துருவைத் துடைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து போனார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தி, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். மேடத்துக்குச் சொன்னேன், அவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். நாளைக்கு நானும் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். பல் கிட்டித்துக்கொள்கிறது. பயமில்லை என்று இந்த டைரியில் முதல் நாள் எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிட்டேன்.

அவள் சாப்பிட்டாளா, அந்தப் பச்சைச் சுடிதாரை எடுத்துக்கொண்டாளா, தையல் மெஷின் வாங்கினாளா, எதுவும் தெரியாது. பஸ்சில் ஆறு வருடம் என் தோளில் சாய்ந்து தூங்கினவள். கேட்கலாம். மேடத்துக்கு ஒரு போன் போட்டால் போதும்.

கேட்க மாட்டேன்.